ஆள் எடுப்பது எப்படி: பேசிப் பார்த்தா, சொல்லி விட்டா, செய்து காட்டச் சொல்லியா?

ராமநாதபுரம் மாவட்டக் கரையில் மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் நண்டுக் கம்பெனியோ ஐஸ் கம்பெனியோ வைத்திருப்பவர்கள், ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்துபவர்கள், கீழக்கரையில் பத்துப் பதினைந்து பேரை வைத்துக் கடை பார்ப்பவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரிய கம்பெனிகளில் ஆள் எடுக்கவே தனி ஆட்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் பாடு. நம் பக்கம் ஒரு சூப்பர்வைசரோ கணக்கு எழுத ஒரு ஆளோ தேவைப்பட்டால், முதலாளியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசி, டீ ஆறுவதற்குள் முடிவெடுத்து "திங்கக்கிழமை வந்துரு தம்பி" என்று அனுப்பிவிடுவார். ஆறு மாதம் கழித்து "நல்ல பையன்னு நினைச்சேன், இப்படிப் பண்ணிட்டானே" என்று அதே நாற்காலியில் உட்கார்ந்து புலம்புவார்.

நமக்கு இருக்கிற வழிகள் நாலு. சும்மா பேசிப் பார்த்து எடுப்பது, தெரிந்தவர் சொல்லி எடுப்பது, வந்த எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மார்க் போடுவது, வேலையைச் செய்து காட்டச் சொல்வது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செய்து காட்டுவது முதலில், ஒரே கேள்விகள் அடுத்து, சிபாரிசு ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும், பேசிப் பார்ப்பது கடைசியில். நாலையும் ஏறக்குறைய எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் செய்துகொண்டுதான் இருக்கிறோம், எதை முதலில் வைக்கிறோம் என்பதில்தான் கோளாறு.

பேசிப் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். நம் கரையில் இந்தப் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கும். "தம்பிக்கு எந்த ஊரு?" ஊரைச் சொன்னதும், "அங்க யாரு வீட்டுப் பிள்ளை?" அவ்வளவுதான். பையன் என்ன மதம், அநேகமாக என்ன சாதி, அப்பா சொந்தப் படகு வைத்திருப்பவரா கூலிக்குக் கடலுக்குப் போகிறவரா, வீட்டில் யாராவது வெளிநாட்டில் இருக்கிறார்களா என்பது வரை முதலாளிக்குத் தெரிந்துபோகும். கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை, மரியாதைக்குக் கேட்கிற கேள்விதான் அது. ஆனால் அதற்கப்புறம் பையன் சொல்கிற எல்லாப் பதிலும் அந்த ஊரோடு சேர்ந்தேதான் காதில் விழும். "ராத்திரி ஷிப்ட் பாக்க முடியுமா?" என்று கேட்கும்போது ஒரு பையன் இரண்டு நொடி தயங்கினால், நம்ம ஊர்ப் பையனாக இருந்தால் "யோசிச்சுப் பதில் சொல்றான்", வேறு பக்கத்துப் பையனாக இருந்தால் "இழுக்கிறான், சரிப்படாது". தயக்கம் ஒன்றுதான், தீர்ப்பு இரண்டு.

இன்னொன்று, கடல்காரப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு. "அவங்க நிலையா நிக்க மாட்டாங்க, தடைக்காலம் முடிஞ்சா படகுக்குப் போயிருவாங்க." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்த நாட்களில் வேலை கேட்டு வருகிறவர்கள் கூடத்தான் செய்வார்கள், அதில் சிலர் தடை முடிந்ததும் போவதும் உண்மைதான். சரி, அதுதான் பயம் என்றால் "ஜூன் 15-க்கு அப்புறமும் இருப்பியா, எதை வச்சுச் சொல்றே?" என்று வந்த அத்தனை பேரிடமும் கேளுங்கள். பாம்பன் பையனிடம் மட்டும் கேட்டுவிட்டு உச்சிப்புளிப் பையனை விட்டுவிடுவது எப்படி நியாயம்? பெண் பிள்ளைகளிடம் "கல்யாணம் ஆனா வருவியாம்மா?" என்று கேட்பதும் இதே ரகம். விசா வந்த மறுநாளே சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிய பையனைப் பார்க்காத முதலாளி இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டார், ஆனால் ஒரு பையனிடமும் "பாஸ்போர்ட் எடுத்தாச்சா?" என்று சந்தேகத்தோடு கேட்டு நான் பார்த்ததில்லை. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கோ வாயைத் திறந்தாலே போதும், பேச்சின் ராகத்திலேயே முடிவு வந்துவிடும்.

இது நம் ஊர்க்காரர்களின் குணம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1920-இலேயே எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்து எழுதினார். உடல்கட்டுக்கு ஒரு மார்க், புத்திக்கு ஒன்று, தலைமைக்கு ஒன்று, குணத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடச் சொல்லியிருந்தார்கள், ஆனால் ஒன்றில் அதிகம் வாங்கியவன் எல்லாவற்றிலும் அதிகம் வாங்கியிருந்தான். ஆள் வாட்டசாட்டமாக இருந்தால் புத்திசாலியாகவும் தெரிகிறான். நம் பக்கம் வாட்டசாட்டத்துக்குப் பதில் இஸ்திரி போட்ட சட்டை, நாலு வார்த்தை இங்கிலீஷ், துபாயில் மூன்று வருஷம் இருந்தேன் என்ற ஒரு வரி.

பேசிப் பார்த்தால் எவ்வளவு தெரியும் என்று கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998-இல், அதுவரை 85 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தேர்வுமுறை சொன்னதும் பிற்பாடு ஆள் வேலை செய்ததும் முழுக்கப் பொருந்தினால் 1, சம்பந்தமே இல்லையென்றால் 0. அதில் சும்மா பேசிப் பார்ப்பதற்கு 0.38, ஒரே கேள்விகளைக் கேட்டு மார்க் போடும் நேர்முகத்துக்கு 0.51, வேலையைச் செய்து காட்டுவதற்கு 0.54, வேலை அறிவைச் சோதிக்கும் தேர்வுக்கு 0.48, பழைய முதலாளியிடம் விசாரிப்பதற்கு 0.26, எத்தனை வருஷ அனுபவம் என்பதற்கு 0.18. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வதற்கு 0.02, அதாவது கிளி ஜோசியத்துக்குப் பக்கத்தில். பிறகு 2022-இல் பால் சாக்கெட்டும் அவருடைய குழுவும் பழைய கணக்கில் மிகையான திருத்தங்கள் செய்திருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பார்த்தபோது பெரும்பாலான எண்கள் இறங்கின. ஒரே கேள்வி முறை 0.42, அறிவுத் தேர்வு 0.40, செய்து காட்டுவது 0.33. சும்மா பேசிப் பார்ப்பது 0.19-க்கு விழுந்துவிட்டது.

இதைவிட எனக்குப் பிடித்தது 2013-இல் ஜேசன் டேனா, ராபின் டாஸ், நாதனியல் பீட்டர்சன் மூவரும் செய்த சோதனை. மாணவர்களிடம் இன்னொரு மாணவரைப் பேட்டி எடுத்து அவருடைய அடுத்த பருவ மதிப்பெண்ணை ஊகிக்கச் சொன்னார்கள். சில பேட்டிகளில், பதில் சொல்பவர் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு ரகசிய விதிப்படி ஆமாம், இல்லை என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போவார். கேட்டவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை, ஆளைப் புரிந்துகொண்டதாகவே நினைத்தார்கள். பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஊகித்திருந்தால்கூட இதைவிட நன்றாகச் சொல்லியிருக்கலாம் என்பதுதான் முடிவு. "மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிரும், முப்பது வருஷமா ஆள் பாக்குறேன்" என்று அடித்துச் சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். முப்பது வருஷமாக நீங்கள் எடுத்தவர்களை மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள் அண்ணாச்சி, திருப்பி அனுப்பியவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று யார் போய்ப் பார்த்தது? அமெரிக்காவில் ஹூஸ்டன் மருத்துவக் கல்லூரியில் 1979-இல் அப்படிப் பார்க்க ஒரு வாய்ப்பு தானாக வந்தது. சேர்க்கை முடிந்தபின் இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொல்லி மாநில சட்டமன்றம் உத்தரவிட்டது. நல்லவர்கள் எல்லாம் வேறு கல்லூரிக்குப் போய்விட்டிருந்ததால், நேர்முகத்தில் வரிசையின் அடியில் கிடந்தவர்களைத்தான் எடுக்க முடிந்தது. அவர்களும் முதலில் எடுக்கப்பட்டவர்களும் படிப்பிலும் பயிற்சியிலும் ஒரே மாதிரிதான் வந்தார்கள்.

பயோடேட்டாவில் பெயரை மறைத்துவிட்டால் போதாதா என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். பெயர் வேலை செய்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியத் தனியார் கம்பெனி விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் விகிதத்தை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. ஆனால் வடக்கே குடும்பப் பெயர் செய்கிற வேலையை இங்கே செய்வது வேறு. நமக்கு முன்னால் ஓர் இனிஷியல்தான். மதத்தைப் பெயர் சொல்லிவிடும், சாதியைச் சொல்வது முகவரியும் படித்த பள்ளிக்கூடமும் அப்பாவின் தொழிலும். எனவே பெயரை மட்டும் மறைப்பதில் நம் மாவட்டத்தில் பாதிப் பயன்கூட இல்லை, மேலிருந்து ஐந்தாறு வரிகளை அப்படியே மடித்துவிட்டுப் படிக்க வேண்டும். அப்புறம் ஆள் நேரில் வந்து உட்கார்ந்ததும் "எந்த ஊரு?" என்று ஆரம்பித்தால் மடித்ததெல்லாம் விரிந்துவிடும், அது வேறு கதை.

சிபாரிசு. இதைத் திட்டுவது சுலபம், ஆனால் கடற்கரையில் பணம் புழங்குகிற விதத்தைப் பார்த்தவர்கள் முழுசாகத் தள்ள மாட்டார்கள். விடியற்காலையில் கரையில் நின்று படகுக்காரருக்குக் கையில் ரொக்கம் கொடுத்துச் சரக்கு எடுக்கிற ஆளுக்கு ரசீது கிடையாது, சாட்சி கிடையாது. அந்த வேலைக்கு "இவன் ஏதாச்சும் பண்ணுனா நான் பொறுப்பு" என்று சொல்ல ஊரில் ஒருத்தர் இருப்பது பெரிய விஷயம்தான். அதற்கு மட்டும் சிபாரிசை வைத்துக்கொள்ளலாம். ஆனால் சிபாரிசிலேயே எல்லோரையும் எடுத்துக்கொண்டு போனால் பத்து வருஷத்தில் கம்பெனி முழுக்க ஒரே தெருவாகிவிடும். சூப்பர்வைசரின் அத்தை மகள் எடை குறைத்து எழுதினால் சூப்பர்வைசர் வந்து சொல்லுவாரா? தெருவில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு நண்டு உடைக்க ஒருத்தரும் வர மாட்டார்கள், வந்த சரக்கு ஐஸிலேயே கிடக்கும். பக்கத்துத் தெருவில் நல்ல ஆள் இருந்தாலும் உங்களுக்குத் தெரியவே வராது. விசாரிக்கும்போதும் "பையன் எப்படி?" என்று கேட்டால் "தங்கமான பையன்" என்றுதான் பதில் வரும், வேறு என்ன சொல்வார்கள். "உங்ககிட்ட இருந்தப்ப கணக்குல குறை வந்துச்சா, வந்த அன்னிக்கு என்ன செஞ்சான்?" என்று கேளுங்கள். "இப்ப இடம் காலியா இருந்தா திரும்ப எடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, ஒரே கேள்வி முறை. 2022 கணக்கில் முதலிடம் இதற்குத்தான். முதலில் கேள்விகளை எழுதிவைக்க வேண்டும், ஐந்து போதும், எல்லாம் வேலையோடு ஒட்டியவை. "ராத்திரி மூணு மணிக்கு எதிர்பார்த்ததைவிட ரெண்டு மடங்கு சரக்கு வந்து இறங்கிருச்சு, ஐஸ் பத்தாது, முதலாளி போன் எடுக்கல, என்ன செய்வே?" என்பது ஒரு கேள்வி என்றால், நல்ல பதில் எது, சுமாரான பதில் எது, ஆகாத பதில் எது என்பதையும் ஆட்கள் வருவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் மார்க் போட வேண்டும். ராணுவத்துக்கு அதிகாரிகளை எடுக்கும் எஸ்.எஸ்.பி.யில் இப்படித்தான், ஐந்து நாள் தேர்வில் உளவியலாளர், குழுப்பணி பார்க்கும் அதிகாரி, நேர்முக அதிகாரி மூவரும் தனித்தனியாக மதிப்பிட்டுவிட்டுக் கடைசி நாளில்தான் ஒன்றாகக் கூடிப் பேசுகிறார்கள். நம் கம்பெனியில் முதலாளி "பையன் பரவால்லப்பா" என்று வாயைத் திறந்துவிட்டால் பக்கத்தில் இருக்கிற கணக்குப்பிள்ளை வேறு மார்க் போடுவாரா?

அப்படியானால் இதைத்தானே முதலில் வைக்க வேண்டும், ஏன் செய்து காட்டுவதை முதலில் வைக்கிறேன்? சிறிய கம்பெனியில் இந்த முறை மூன்றாவது ஆளோடு தளர்ந்துவிடும் என்பதால்தான். முதல் இரண்டு பேருக்குத் தாளைப் பார்த்துக் கேட்பார்கள், மூன்றாவது ஆள் தெரிந்த ஊர் என்றால் தாள் டீ கிளாஸுக்கு அடியில் போய்விடும். பேச்சு என்று வந்துவிட்டால் நமக்கு வாய் நிற்காது. செய்து காட்டச் சொல்வதில் அந்த ஆபத்து குறைவு, கையில் ஒரு தாளோ தட்டோ மிச்சம் இருக்கும், அதை அடுத்த நாளும் எடுத்துப் பார்க்கலாம், யாருடையது என்று தெரியாமலே மார்க் போடலாம்.

மண்டபம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு நண்டுக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்கு இப்படிச் செய்தார்கள். வந்தவர்களைத் தனித்தனி மேஜையில் உட்கார வைத்து, குளிர் அறையின் வெப்பநிலைப் பதிவேட்டின் நகல் ஒன்றும், ஒரு டிரே நண்டுச் சதையும் கொடுத்தார்கள். பதிவேட்டில் என்ன தப்பு இருக்கிறது, சதையில் ஓட்டுத் துண்டு எத்தனை என்று பார்த்து எழுத வேண்டும். பதிவேட்டில் ஓர் இடத்தில் 9 டிகிரி என்று இருந்ததை ஏறக்குறைய எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள், 4 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்பது இந்த வேலையைத் தொட்டவர்களுக்குத் தெரியும். இன்னொரு பக்கத்தில் ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு வரைக்கும் எல்லா மணிக்கும் 2.0, 2.0, 2.0 என்று இருந்தது. அது சரியாகத்தானே இருக்கிறது என்று எல்லோரும் தாண்டிப் போக, ஒரு பெண் மட்டும் "கதவைத் திறந்து சரக்கு ஏத்துன ராத்திரிலயும் இதே நம்பர் இருக்கு, காலைல உக்காந்து மொத்தமா எழுதியிருக்காங்க" என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். அவளுடைய அம்மா இன்னொரு கம்பெனியில் நண்டு உடைக்கிறவர். நேரில் பேசச் சொன்னால் தலையைத் தூக்கிப் பேச மாட்டாள், முதலாளி கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தைதான் பதில். முதலில் பேசியிருந்தால் "வாயே இல்லாத பிள்ளை, அம்பது பேரை எப்படி மேய்க்கும்" என்று அனுப்பியிருப்பார்கள்.

லாட்ஜ் வரவேற்பு மேஜைக்கு ஆள் வேண்டுமா, ஒரு போன் போடுங்கள். வடக்கேயிருந்து ஆறு பேர் வருகிறோம், இரண்டு ரூம் வேண்டும், ஒருவருக்கு மாடிப்படி ஏற முடியாது, விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்குப் போக வேண்டும் என்று இந்தியில் பேசச் சொல்லி, இந்தப் பக்கம் இருப்பவர் தரைத்தள அறையைக் கேட்காமலே எடுத்துச் சொல்கிறாரா, வாடகையைத் தெளிவாகச் சொல்கிறாரா என்று பார்த்தால் போதும். அவர் எந்த ஊர் என்பது அங்கே நினைவுக்கே வராது.

இதிலும் ஓட்டை உண்டு. ஏற்கெனவே வேலை தெரிந்தவருக்குத்தான் இது சாதகம். கற்றுக்கொடுத்து வளர்க்கிற எண்ணம் இருந்தால், ஒரு தடவை செய்துகாட்டிவிட்டு இரண்டாவது தடவை எப்படிச் செய்கிறார் என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, சோதனை என்று சொல்லி ஒரு வாரம் ஓசியில் வேலை வாங்குகிற வழக்கம், அது சோதனையே இல்லை. அரை நாளுக்கு மேல் வேண்டாம், அரை நாள் கூலியையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

அரசாங்கம் மாதிரி எழுத்துத் தேர்வோடு முடித்துவிடலாமே என்றால், செய்யலாம். மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் சி பிரிவு வேலைகளுக்கு நேர்முகத்தையே எடுத்துவிட்டது, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-இலும் நேர்முகம் கிடையாது. லட்சக்கணக்கில் விண்ணப்பம் வருகிற இடத்துக்கு அதுதான் சரி. ஆறு பேர் வருகிற இடத்துக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம், தகுதி என்ன என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டுவது. அந்த எழுதுகிற இடத்திலேயே சாய்வு நுழையும் என்பதும் நினைவிருக்கட்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருக்கிற குடவோலை முறையை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம், பராந்தக சோழன் காலம், பத்தாம் நூற்றாண்டு, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுச் சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது. குடம் பாரபட்சம் பார்க்கவில்லை. ஆனால் குடத்துக்குள் ஓலை போட வரி கட்டும் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் வேண்டும் என்று விதி இருந்தது. ஐஸ் கம்பெனிக் கணக்குக்கு "டிகிரி கட்டாயம், ஆங்கிலம் சரளமாக" என்று போடுகிறவர்கள் தாங்கள் யாரையெல்லாம் குடத்துக்கு வெளியே நிறுத்துகிறோம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

சரி, பேசிப் பார்ப்பதைக் கடைசியில் வைத்தால் அதற்கு மதிப்பு உண்டா? உண்டு. டேனியல் கானமன் என்ற உளவியலாளர் 1955-இல் இஸ்ரேல் ராணுவத்தில் 21 வயதுப் பையனாக இருந்தபோது, வீரர்களைப் பேட்டி எடுக்கும் முறையை மாற்றச் சொன்னார்கள். ஆறு குணங்களைத் தனித்தனியாகக் கேட்டு, ஒன்றுக்கு மார்க் போட்டு முடித்த பிறகே அடுத்ததுக்குப் போக வேண்டும் என்று வைத்தார். பேட்டி எடுக்கிற பிள்ளைகள் எங்களை எந்திரமாக்குகிறீர்கள் என்று கோபித்துக்கொண்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, எல்லா மார்க்கும் போட்டு முடித்த பிறகு கண்ணை மூடி இவன் எப்படிப்பட்ட சிப்பாயாக இருப்பான் என்று நினைத்துப் பார்த்து ஒரு மார்க் போடுங்கள் என்றார். அந்த மார்க்கும் பயனுள்ளதாகத்தான் இருந்தது. மனசு சொல்வதைக் கேட்கலாம், தாளில் எல்லாம் எழுதி முடித்த பிறகு கேட்க வேண்டும். அப்போது "எந்த ஊரு தம்பி?" என்றும் தாராளமாகக் கேட்கலாம், டீயும் சொல்லலாம்.

நடைமுறையில் ஒரு சங்கடம் மிச்சம் இருக்கிறது. நோட்டீஸ் ஒட்டிய அன்று ராத்திரியே மாமாவோ மச்சானோ போன் போடுவார், "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், மத்தவங்கள எல்லாம் ஏன் வரச் சொல்றே?" முகத்தை முறிக்கவும் முடியாது, ஒத்துக்கொள்ளவும் முடியாது. "தாராளமா அனுப்புங்க மாமா, செவ்வாக்கிழமை காலைல ஒம்பது மணிக்கு எல்லாரோடயும் சேந்து அவனும் ஒரு டிரே பாக்கட்டும், தாள்ல பேரு கெடையாது, நம்பர் மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுங்கள். நல்ல பையனாக இருந்தால் அவனே மேலே வருவான், வராவிட்டால் மாமாவிடம் காட்ட உங்கள் கையில் அவன் எழுதிய தாள் இருக்கும்.